கரிசலில் கிடை அமர்ந்த இடங்கள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டில், இரவுத் தங்கலுக்கு இடம் தேர்வதை நுட்பமான தொழிலறிவாக வளர்த்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களே. பகலில் மேய்ந்த மந்தையை அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே எருவாகும்படி செய்வது கிடை எனப்பட்டது. அதற்கு நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுத்தார். பல மந்தைகளை ஒன்றாக நடத்திச் செல்லும் தலைவர் கீதாரி எனப்பட்டார். இடம் பார்க்கும் பொறுப்பு அவருடையது.

அந்தப் பொறுப்பு எளிதானதன்று. ஐப்பசி மழையில் கரிசல் மண் களியாகி ஆட்டின் குளம்பிடுக்கில் அப்பிக்கொள்வதாலும், ஈரத்தில் நின்ற கால் புண்ணாவதாலும், மழைக்காலத்தில் நீர் வடியும் செவல் நிலமோ சரள் மேடோ தேவைப்பட்டது. பருத்தியும் கம்பும் வீடு சேர்ந்து, நிலம் பாளம்பாளமாக வெடிக்கும் கோடையில் கரிசலே ஏற்ற இடமானது. ஆயினும் ஊருணியோ கண்மாயோ எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். படல்களை அடுத்தடுத்த துண்டு நிலத்துக்கு மாற்றி நட்டு, குட்டிகளைக் குடாப்பு என்னும் பெரிய கவிழ்கூடைக்குள் அடைத்துக் காவல் இருந்தனர்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன் இவ்வாழ்வைக் ‘கிடை’ என்னும் குறுநாவலாக எழுதினார்; எழுத்தில் கிடைக்கும் மிக உயிருள்ள சான்றுகளுள் அது ஒன்று. ரசாயன உரம் பரவிய பின் கிடைக்கான தேவை குறைந்தபோதிலும், தென்மாவட்டங்களில் கோடைத் தரிசுகளில் இன்றும் கிடை போடப்படுகிறது.