ஒரு பங்கின் முடிவு யாருடையது?

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கத்தோலிக்கர்கள் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இங்கே ஆலய விஷயங்களில் சாதி தலையிடுவது பழைய கதை. 1745-ல் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினை மட்டும் இடியவில்லை.

அதே பிரச்சினை 2008-ல் எறையூரில் வெடித்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைகூடத் தனி. எனவே தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கும்படி அவர்கள் கேட்டார்கள். மார்ச் 9 அன்று மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் உயிரிழந்தனர்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி புதிய பங்கை உருவாக்கும் அதிகாரம் ஆயருக்கே உண்டு. பங்குப் பேரவை ஆலோசனைதான் சொல்லலாம். ஆனால் ஊரின் சம்மதம் இல்லாமல் எந்த முடிவும் நிலைப்பதில்லை. அந்தச் சம்மதம் பெரும்பான்மையின் சம்மதமாக மட்டும் இருந்தால், சிறுபான்மை எப்போதும் தோற்கும். சேர்ந்து முடிவெடுக்க வேண்டுமென்றால், முதலில் எல்லோரும் சமமாகச் சேர்ந்து உட்கார வேண்டும்.