சுருங்கிப்போன சுரப்பி



நம் மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே தைமஸ் என்னும் சுரப்பி ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் வரையில் அதன் பணி இன்னதென்று எந்த மருத்துவராலும் திட்டமாகக் கூற இயலவில்லை. பயன் தெரியாத உறுப்பின்மீது பழி சுமத்துவது எளிதல்லவா? 1889இல் வியன்னாவில் பால்டாஃப் என்னும் மருத்துவர், திடீரென மாண்ட குழந்தைகளின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, தைமஸ் பெருத்திருப்பது உயிருக்கு உலைவைக்கும் உடற்குறையின் அறிகுறி என்று எழுதினார். 1907இல் அமெரிக்காவில், எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் குழந்தைகளின் தைமஸைச் சுருக்கும் சிகிச்சை தொடங்கிற்று.

அதே 1907இல், அதே வியன்னா நகரில் பிறந்தவர் ஹான்ஸ் செல்யே. பிராக் நகரில் மருத்துவம் பயின்றபோது ஒன்று அவர் மனத்தைக் கவர்ந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அடையாளங்களையே சுட்டிக்காட்டினார்கள். அவரோ எல்லா நோயாளிகளிடத்தும் இருந்த சோர்வையும் பசியின்மையையும் உடல்வலியையும் கண்டார். வகுப்பில் இத்தகைய மாணவன் ஒருவன் இருந்துவிட்டால் ஆசிரியருக்குச் சற்றுத் தொல்லைதான்!

பின்னர் அவர் கனடாவின் மான்ட்ரியால் நகரை அடைந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில், இன்சுலினைத் தூய்மைப்படுத்துவதில் பங்குகொண்ட காலிப்பிடம் பணியாற்றினார். புதியதொரு ஹார்மோனைத் தேடி, பசுவின் சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினார். எலிகளின் அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன. தைமஸும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கின. குடலில் புண்கள் தோன்றின. புதிய ஹார்மோன் அகப்பட்டது என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் சாற்றைத் தூய்மைப்படுத்தப் படுத்த விளைவு குறைந்தது. ஐயமுற்று, உடலுக்கு நஞ்சாகிய ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தார். விளைவுகள் முன்னிலும் மிகுதியாகவே தோன்றின. ஹார்மோன் கனவு அன்றோடு கலைந்தது.

வேறொருவராயின் எலிகளை ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். செல்யே எலிகளைக் குளிரில் வைத்தார்; காயப்படுத்தினார்; ஓடவைத்துக் களைப்புறச் செய்தார். எல்லாவற்றுக்கும் உடல் அளித்த விடை ஒன்றே. 1936ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளியான அவருடைய சிறு கடிதம் இதனை உலகிற்கு அறிவித்தது. அதன் தலைப்பில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் இல்லை. அச்சொல்லைப் பின்னரே ஆண்டார். பௌதிக வகுப்பில் தகைவு என்று நான் கற்பித்து வந்ததும் அதே சொல்தான். இரும்புக்கு உரியதை எலிக்கும் மனிதனுக்கும் உரியதாக்கியவர் அவர்.

அட்ரீனலை அகற்றிய எலிகளில் தைமஸ் அவ்வாறு சுருங்கவில்லை என்பதையும் அவர் கண்டார். ஆகவே துன்பத்தின் செய்தியைத் தைமஸுக்குக் கொண்டுசெல்வது அட்ரீனலின் ஹார்மோனே என்பது புலனாயிற்று.

இனி அக்குழந்தைகளிடம் திரும்புவோம். மருத்துவர்கள் வழக்கமாக அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் நாட்பட்ட நோயாலும் பட்டினியாலும் நைந்து மாண்ட ஏழைகளின் உடல்கள். அவர்களுடைய தைமஸ் முன்னமே சுருங்கியிருந்தது. அச்சுருக்கத்தையே இயல்பான அளவு என்று கொண்டதால், நலமாயிருந்து திடீரென மாண்ட குழந்தையின் தைமஸ் பெருத்ததாகத் தோன்றிற்று. அந்த நோயே இல்லை என்று 1931இல் இங்கிலாந்தில் ஆராய்ந்தோர் கூறியும் எக்ஸ் கதிர் சிகிச்சை உடனே நின்றுவிடவில்லை. தைராய்டுப் புற்றுநோய் கண்ட சிறுவர் சிலர் மழலைப் பருவத்தில் அக்கதிர்களைப் பெற்றவர்கள் என்னும் செய்தி 1950இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

தைமஸின் பணி 1961இல்தான் தெளிவாயிற்று. லண்டனில் ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடன் சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அகற்றினார். அவை தொற்றுநோய்க்கு எளிதில் இரையாயின. பிற எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அதனை எதிர்த்து விலக்க அவற்றால் முடியவில்லை. நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் தேர்ச்சி பெறும் இடம் தைமஸ் என்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1936இல் செல்யேயின் எலிகளில் சுருங்கிக் கிடந்தது இதுதான்.