நியூ இங்கிலாந்தின் இல்லாத முன்னோர்கள்

1620க்கும் 1640க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர் கடல் கடந்து நியூ இங்கிலாந்தில் குடியேறினர். அவர்களின் சொந்த ஊர் எது, மனைவி எந்த வீட்டுப் பெண் என்பதைக் குடியேற்றப் பதிவுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் வழித்தோன்றல்கள் கொடிவழி நூல்களை அச்சிட முனைந்தபோது, விடுபட்ட இடங்களில் ஊகம் புகுந்தது. குடும்பப்பெயர் ஒன்றாக இருந்தால் போதும். தொடர்பற்ற குடும்பங்களை இணைக்க, மூன்று சகோதரர் சேர்ந்து கப்பலேறி வந்த கதை நூலுக்கு நூல் சொல்லப்பட்டது.

பெண்களின் பிறந்த வீடு பற்றிய பிழைகளே நெடுங்காலம் நிலைத்தன. மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட், பிளைமத் ஆளுநர் ஜான் கார்வரிடம் பணியாளாக இருந்தவர். அவர் ஆளுநரின் மகளை மணந்தார் என்று தலைமுறைகளாக நம்பப்பட்டது. கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய வரலாற்றின் கையெழுத்துப் பிரதி, அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமற்போய், 1855இல் லண்டன் ஆயரின் ஃபுல்ஹம் மாளிகை நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டே அச்சேறியது. கப்பலில் வந்தோரை அதில் அவர் குடும்பவாரியாகப் பட்டியலிட்டிருந்தார். கார்வரோடு மகள் எவரும் வரவில்லை. ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள். கரையிறங்கிய சில மாதங்களிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த சிறுமி அவர். ஓர் ஆளுநரின் பெயருக்கு இருந்த கவர்ச்சியில் அவருடைய உண்மை வரலாறு அத்தனை காலம் மறைந்து கிடந்தது.

மற்றொரு மேஃபிளவர் பயணி ரிச்சர்ட் வாரனின் மனைவி எலிசபெத்தையும் நூல்கள் நெடுங்காலம் ஜூவெட் குடும்பத்துப் பெண்ணாகவே எழுதிவந்தன. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள கிரேட் அம்வெல் தேவாலயப் பதிவேடு வேறு செய்தி சொல்கிறது: 1610 ஏப்ரல் 14 அன்று ரிச்சர்ட் வாரன் மணந்தது எலிசபெத் வாக்கரை. தந்தை அகஸ்டின் வாக்கரின் உயில் பேத்திகள் மேரி, ஆன், சாரா மூவரையும் பெயர் சுட்டுகிறது. பிளைமத்துக்கு வந்த வாரன் மகள்களில் மூத்த மூவரின் பெயர்களும் இவையே. இந்தச் சான்றுகள் அச்சில் வந்தது 2003இல்தான்.

இவை அறியாமல் நேர்ந்த பிழைகள். கூலிக்குச் செய்த மோசடி வேறு வகை. சுவீடனில் ஆவண மோசடிக்காகத் தண்டனை பெற்றபின் 1890இல் அமெரிக்கா வந்த குஸ்தாவ் அன்ஜூ, ஸ்டேட்டன் தீவில் இருந்தபடி, வசதி படைத்த குடும்பங்களுக்குப் பெரும் கட்டணத்தில் வம்சாவளி எழுதிக்கொடுத்தார். உண்மையான உயில்களையும் பதிவேடுகளையும் வரிசையாக அடுக்கி, குடியேறியவரை இங்கிலாந்தின் உயர்குடியோடு இணைக்கும் இடத்தில் மட்டும் இல்லாத ஆவணம் ஒன்றைச் செருகுவது அவர் வழக்கம். சுற்றியிருந்த சான்றுகள் மெய்யானவை என்பதால் பொய் எளிதில் பிடிபடவில்லை.

அச்சில் வந்ததெல்லாம் சான்றாகாது, மூல ஆவணம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர் டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ். இதற்கென 1922இல் நியூ ஹேவனில் தனி இதழே தொடங்கினார். 1988இல் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் தொடங்கிய பெருங்குடியேற்ற ஆய்வுத் திட்டம், தொடக்கக் குடியேறிகள் ஒவ்வொருவரின் ஆவணங்களையும் மூலத்திலிருந்தே சரிபார்த்தது. அன்ஜூவின் தொகுப்புகளோ இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பெயர்கள் புதிய கொடிவழிகளுக்குப் பெயர்த்தெழுதப்படுவதும் நிற்கவில்லை.