வீராணம் குழாயும் கட்சி நிதியும்

லால்பேட்டைக்குப் போகிறவர்கள் வீராணம் ஏரியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. சுற்றுவட்டார வயல்களுக்கு உயிர் கொடுக்கும் இந்த ஏரிக்கு அரசியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அரசு டெண்டருக்கும் அரசியலில் புழங்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி தமிழ்நாட்டில் பெரிதாக எழுந்தபோது, நடுவில் இருந்தது வீராணம்தான்!

சென்னையின் தாகத்தைத் தீர்க்க, வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டமிட்டது அன்றைய தி.மு.க. அரசு. ராட்சத கான்கிரீட் குழாய் வேலை சத்தியநாராயணா பிரதர்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது. 1972ல் எம்.ஜி.ஆரும் கம்யூனிஸ்ட் தலைவர் எம். கல்யாணசுந்தரமும் ஆட்சி மீது ஊழல் புகார்ப் பட்டியல்கள் கொடுத்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்து அமைக்கப்பட்ட சர்க்காரியா கமிஷன் விசாரித்தவற்றில் வீராணம் டெண்டரும் ஒன்று.

அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக டெண்டர் கையாளப்பட்டது என்றது கமிஷன். எமர்ஜென்சி கால அரசியல் பழிவாங்கல் என்றது தி.மு.க. பிற்பாடு வழக்குகள் கைவிடப்பட்டன. நீதிமன்றம் யாரையும் தண்டிக்கவில்லை. குழாய்கள் மட்டும் பல வருடங்கள் சாலையோரம் கிடந்தன. வீராணம் தண்ணீர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது 2004ல், புதிய திட்டத்தின் மூலம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த டெண்டர் நடந்த காலத்தில் இந்தியாவில் எந்தக் கம்பெனியும் கட்சிக்கு ஒரு ரூபாய்கூட நன்கொடை தரக்கூடாது என்று சட்டம் இருந்தது!

அந்தச் சட்டத்தின் கதை 1957ல் ஆரம்பிக்கிறது. கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்யும்படி தன் விதிகளை மாற்ற டாடா ஸ்டீல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா அனுமதி கொடுத்தார். ஆனால் இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று எச்சரித்தும் வைத்தார். 1960ல் உச்சவரம்பு வந்தது: 25,000 ரூபாய் அல்லது மூன்று வருட சராசரி லாபத்தில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அது. 1969ல் இந்திரா காந்தி அரசு நன்கொடையை முழுக்கத் தடை செய்தது. 1985ல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி 5 சதவீத வரம்பைக் கொண்டுவந்தது. 2013ல் அது 7.5 ஆனது. 2017ல் வரம்பே எடுக்கப்பட்டது. கூடவே தேர்தல் பத்திரங்களும் அறிவிக்கப்பட்டன. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது மக்களுக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தையும் வரம்பில்லாத நன்கொடையையும் ரத்து செய்தது. அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது, பத்திரம் வாங்கியவர்களில் இரண்டாம் இடத்தில் இருந்தது ஹைதராபாத்தின் மேகா இன்ஜினியரிங். தொகை 966 கோடி. காலேஸ்வரம் பாசனத் திட்டம், சோஜி லா சுரங்கப்பாதை போன்ற பெரிய அரசு வேலைகளைச் செய்யும் நிறுவனம் அது. நன்கொடைக்காகத்தான் வேலை கிடைத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தேகம் வராமலும் இருக்காது அல்லவா?

இத்தனை மாற்றங்களிலும் ஓர் ஓட்டை மட்டும் அடைபடவே இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, அரசோடு நடப்பில் காண்ட்ராக்ட் உள்ளவர் அந்த அரசுக்குரிய சபைத் தேர்தலில் நிற்க முடியாது. மாநில அரசு காண்ட்ராக்டர் என்றால் சட்டமன்றத்துக்கு, மத்திய அரசு காண்ட்ராக்டர் என்றால் நாடாளுமன்றத்துக்கு. ஆனால் அதே காண்ட்ராக்டரின் கம்பெனி, வேலை தரும் அரசை நடத்தும் கட்சிக்கு நன்கொடை கொடுக்கலாம்! அமெரிக்காவில் மத்திய அரசின் காண்ட்ராக்டர்கள் தேர்தல் நன்கொடை தரக்கூடாது என்ற தடை 1940லேயே வந்துவிட்டது.

எல்லாக் கம்பெனிகளையும் தடுத்தபோது வீராணம் புகார் வந்தது. வரம்பை எடுத்தபோது தேர்தல் பத்திரம் வந்தது. அரசிடம் வேலை கேட்டு வரிசையில் நிற்பவரையும், சும்மா தொழில் செய்பவரையும் ஒரே தட்டில் வைத்த எந்தச் சட்டமும் பலன் தரவில்லை. நிற்கக்கூடாது என்று சொல்லத் தெரிந்த சட்டத்துக்கு, கொடுக்கவும் கூடாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமா?