மேக்புக் ப்ரோ (2016)

ஆப்பிள் நிறுவனம் 2016 அக்டோபர் 27 அன்று கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் வெளியிட்ட, அடியோடு மறுவடிவம் பெற்ற லேப்டாப் வரிசை. 13, 15 அங்குலத் திரைகளுடன் வந்தது. தொடக்க விலை 1,499 டாலர். மெலிவுக்காகச் செய்த சமரசங்களில் பெரும்பாலானவற்றை ஆப்பிளே ஐந்தாண்டுகளுக்குள் கைவிட்டதால், கணினி வடிவமைப்பு வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

கிடைத்தவை

15 அங்குல மாடலின் தடிமன் 18 மி.மீட்டரிலிருந்து 15.5 மி.மீட்டராகவும், எடை 2.04 கிலோவிலிருந்து 1.83 கிலோவாகவும் குறைந்தன. திரை முன்பைவிட 67 சதவீதம் கூடுதல் வெளிச்சம் தந்தது. நான்கு தண்டர்போல்ட் 3 போர்ட்டுகளில் எதில் செருகினாலும் சார்ஜ் ஏறும். அதே போர்ட் வழியே 5கே மானிட்டரையும் இயக்கலாம்.

இழந்தவை

எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, பழைய யூஎஸ்பி போர்ட்டுகள் ஒரே வீச்சில் காணாமல் போயின. கேமராவிலிருந்து கார்டை எடுத்து நேரடியாகச் செருகிவந்த புகைப்படக்காரர்கள் தனி ரீடர் வாங்க வேண்டியிருந்தது. யாராவது வயரில் கால் தடுக்கினால் தானாகக் கழன்றுகொள்ளும் மேக்சேஃப் காந்த சார்ஜரும் போனது. அதிருப்தி எழுந்ததும், 19 டாலர் யூஎஸ்பி அடாப்டரின் விலையை ஆப்பிள் தற்காலிகமாக 9 டாலராகக் குறைத்தது.

15 அங்குல மாடலின் பேட்டரி 99.5 வாட்-மணியிலிருந்து 76 ஆகச் சுருங்கியது. மின்செலவைக் காரணம் காட்டி ரேம் 16 ஜிபியோடு நிறுத்தப்பட்டது. வீடியோ எடிட்டர்களுக்கு அது போதவில்லை.

விலை குறைந்த 13 அங்குல மாடல் தவிர மற்றவற்றில், ஃபங்ஷன் கீகளின் இடத்தை 'டச் பார்' என்ற தொடுபட்டை பிடித்தது. செயலிக்கு ஏற்ப அதன் பொத்தான்கள் மாறும். ஆனால் எஸ்கேப் கீயும் அதற்குள் போனதால், விம் போன்ற எடிட்டரில் நிமிடத்துக்குப் பலமுறை அதைத் தட்டும் நிரலாளர்கள் கண்ணால் தேடித் தொட வேண்டியதாயிற்று.

கீபோர்டு

பெரிய அடி கீபோர்டில்தான் விழுந்தது. 'பட்டர்ஃபிளை' அமைப்பில் கீகள் மிகக் குறைவாகவே அமுங்கும். அடியில் தூசி புகுந்தால் ஒரு கீ வேலை செய்யாது அல்லது ஒரே எழுத்தை இருமுறை அடிக்கும். கீபோர்டு மேல்பாகத்தோடும் பேட்டரியோடும் பிணைந்திருந்ததால், முழுமையாகப் பழுதுபார்க்க அந்த மொத்தப் பகுதியையே மாற்ற வேண்டும். 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. இதுதொடர்பான அமெரிக்க வழக்கில் 2022இல் 5 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

பின்னாளில்

2018இல் 15 அங்குல மாடலுக்கு 32 ஜிபி ரேம் கிடைத்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடல் பழைய கத்தரி அமைப்புக் கீபோர்டையும் தனி எஸ்கேப் கீயையும் மீட்டது. 2021 அக்டோபரில் 14, 16 அங்குல மாடல்கள் மேக்சேஃப், எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, ஃபங்ஷன் கீகள் அனைத்தோடும் வந்தன. அவற்றில் பெரியது 16.8 மி.மீ. தடிமன் கொண்டது, எடை குறைந்தபட்சம் 2.1 கிலோ. டச் பார் 13 அங்குல மாடலில் மட்டும் நீடித்து, 2023 அக்டோபரில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.