சிப்பாய்களின் மனோவியாதியும் மந்திரிகளின் வாக்குறுதியும்

நமது சங்கத்துக் குடும்பங்களில் பட்டாளத்திற் சேவித்து வீடு திரும்பியவர்கள் சிலர் உளர். அவர்களுள் கை காலிற் காயம் பட்டவரைக் கண்டால் நாம் எழுந்து இடங் கொடுக்கிறோம். காயம் வெளியே தெரியாமல், இரவில் அலறி எழுந்து, பகலில் ஒருவரோடும் பேசாது திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கண்டாலோ, “பட்டாளத்துக்குப் போய் இப்படி ஆகிவிட்டார்” என்று சொல்லி அப்பாற் போய்விடுகிறோம். இப்பாராமுகம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. மகா யுத்தத்தில் ஜயம் பெற்ற இங்கிலாந்து தேசத்து மந்திரிகளும் பார்லிமெண்டாரும் இவ்விஷயத்திற் சொன்னவை இவை, செய்தவை இவை என்று நாம் அறிந்திருத்தல் நலமாதலின், அச்சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

1914-ஆம் வருஷத்தில் யுத்தம் மூண்டு சில மாதங்கள் செல்லுமுன்னரே, உடலில் ஒரு கீறலும் இல்லாத சிப்பாய்கள் பார்வை மங்கியும், பேச்சிழந்தும், அங்கமெல்லாம் நடுங்கியும் பிரான்சு தேசத்து ஆஸ்பத்திரிகளில் வந்து சேரலாயினர். சார்லஸ் மையர்ஸ் என்னும் மனோதத்துவ வைத்தியர் அத்தகையார் மூவரைக் குறித்து 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டதிர்ச்சி, என்ற பெயர் வைத்திய நூல் வழக்கில் ஏறியது அதனாலேயே. பீரங்கிக் குண்டு அருகில் வெடித்ததால் மூளை கலங்கிற்று என்பது அந்நாளைய எண்ணம். பிறகு குண்டின் அருகே போகாதவருக்கும் இந்நோய் காணவே, அப்பெயர் பொருந்தாதென்று மையர்ஸே வருந்தினார்.

பெயரைப் பற்றிய இவ்விவகாரம் வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. அதிற் பணமும் மானமும் அடங்கியிருந்தன. சத்துருவின் குண்டினாலேயே நேர்ந்தது என்று தோன்றினால் நோயாளியின் சீட்டில் ‘டபிள்யூ’ என்ற எழுத்தை இட்டனர். அவன் காயம்பட்டவனாக எண்ணப்பட்டு, சட்டைக் கையில் காயப்பட்டை அணியும் உரிமை பெற்றான். அங்ஙனம் தோன்றாவிடில் ‘எஸ்’ என்ற எழுத்து. அவன் வெறும் நோயாளி. ஓரெழுத்தில் ஒருவனுடைய கௌரவம் நின்றது. 1917-ல் இராணுவத்தார் ஷெல் ஷாக் என்னும் சொல்லையே விலக்கி, ‘இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்பு நோய்’ என்று எழுதும்படி உத்தரவிட்டனர். நோய் குறைந்தபாடில்லை; பெயர் மாத்திரம் குறைந்தது.

சிகிச்சையிலும் அந்தஸ்து பார்க்கப்பட்டது. உத்தியோகஸ்தர்களுக்கு எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட்டில், முன்னர் நீர்ச்சிகிச்சை விடுதியாயிருந்த பெரிய மாளிகை அளிக்கப்பட்டது. அங்கே ரிவர்ஸ் என்னும் வைத்தியர் நோயாளிகளைப் பேசவிட்டுக் கேட்டு, கண்டவற்றை மறக்க முயலாமல் நினைந்து சொல்லும்படி செய்து ஆற்றினார். இவரை நம் நாட்டார் அறிதல் தகும்: 1902-ல் நீலகிரியிலே தோடருடன் தங்கி, அவர்கள் குல வரலாற்றையும் எருமைச் சடங்குகளையும் ஆராய்ந்து, 1906-ல் பெரும் புத்தகம் வெளியிட்டவர் இவரே. வேற்றுப் பாஷைக்காரரான மலைவாசிகளிடம் பொறுமையாய்க் கேட்டுப் பழகிய செவி பின்னாளில் சிப்பாய்களுக்கும் உதவிற்று என்பது நம் ஊகம். சாதாரணச் சிப்பாய்களுக்கோ இப்பாக்கியம் அரிது. லண்டன் வைத்தியசாலை ஒன்றில் யெல்லாண்ட் என்பவர், பேச்சிழந்தவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்து, அதனையே பெருமையுடன் 1918-ல் புத்தகமாகவும் எழுதினார்.

வைத்தியசாலைக்குப் போனவனும் தப்பினானல்லன். ஹாரி பார் என்ற சிப்பாய் 1915-ல் ஐந்து மாதம் ஷெல் ஷாக் நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்தவன். மறுவருஷம் மீண்டும் போர்முனைக்குச் செல்ல இயலாமல் நடுங்கி நின்றதற்காகக் கோழையென்று விசாரிக்கப்பட்டான். அவன் சார்பாக வாதாட ஒருவரும் இல்லை. 1916 அக்டோபரில் அவனைத் தன் படையினரே சுட்டனர். அவன் மனைவிக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. ஓடிப்போனமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காக இவ்வாறு சுடப்பட்ட பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் படையினர் 306 பேர்.

1918 நவம்பரில் சமாதானம் உண்டாயிற்று. அடுத்த மாதம் தேர்தல். பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் பேசுகையில், வீரர்கள் வாழத் தகுந்த நாடாகப் பிரிட்டனை ஆக்குவதே தம் கடமையென்றார். ஜனங்கள் கரகோஷம் செய்து வாக்களித்தனர். 1921-ல் நரம்புத் தளர்ச்சி என்ற தலைப்பின்கீழ் உபகாரச் சம்பளம் பெற்றோர் ஏறக்குறைய 65,000 பேர். அவ்வாண்டிலேயே பென்ஷன் சட்டம் ஒன்று நிறைவேறி, படையிலிருந்து விலகி ஏழு வருஷங்களுக்குள் விண்ணப்பிக்காதவனுக்குப் பென்ஷன் இல்லையென்று வரம்பு வகுத்தது. கால் ஒடிந்தவனுக்கு இவ்வரம்பு பெரிதன்று. எட்டாம் வருஷத்தில் சித்தம் கலங்குகிறவன் யாரிடம் போய் முறையிடுவான்? செலவைக் குறைக்க வேண்டுமென்ற கூக்குரல் அப்பொழுது நாடெங்கும் எழுந்திருந்தது. வாயில்லாதவன் பங்கே முதலிற் குறைந்தது.

நன்மை ஒன்றும் நிகழவில்லை என்று கூறுதலும் அநியாயமாகும். பைத்திய ஆஸ்பத்திரிகளில் இருந்த படைவீரர்களைத் தரித்திரர் என்று எழுதாமல், பென்ஷன் இலாகாவே செலவு கொடுத்து, தனி வகுப்பாக வைத்தது. 1919-ல் தனிமனிதர்கள் சேர்ந்து தொடங்கிய முன்னாட் படையினர் நலச் சங்கமொன்று இவர்களுக்கு விடுதிகளும் கைத்தொழிலும் அமைத்தது. ‘காம்பாட் ஸ்ட்ரெஸ்’ என்ற பெயருடன் விளங்கும் தருமஸ்தாபனம் அதுவே. மந்திரிகள் வாக்களித்ததைச் சந்தாக்காரர்கள் செய்தனர் என்பதைச் சங்கம் நடத்தும் நாம் கவனிக்க வேண்டும்.

1920-ல் சௌத்பரோ பிரபு பிரபுக்கள் சபையில் இப்பிரச்சினையைக் கிளப்ப, அவரது தலைமையிலேயே கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. ரிவர்ஸ் முதலானோர் சாட்சியம் கூறினர். 1922-ல் வெளிவந்த அறிக்கையோ, ஷெல் ஷாக் என்னும் பெயரை அடியோடு ஒழிக்க வேண்டுமென்றும், நன்றாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கினால் இந்நோய் குறையுமென்றும் கூறிற்று. கோழைமையையும் நோயையும் பிரித்தறிதல் கடினமென்பதை மட்டும் ஒப்புக்கொண்டது. பார்லிமெண்டுக்குத் தொழிற்கட்சி அபேட்சகராக நிற்க இசைந்திருந்த ரிவர்ஸ் அவ்வருஷம் ஜூன் மாதத்தில் திடீரென்று காலமானார். எர்னஸ்ட் தர்ட்டில் என்னும் அங்கத்தினர் வருஷந்தோறும் விடாது வற்புறுத்தியதன் பலனாக, கோழைமைக்கும் ஓடிப்போனமைக்கும் மரண தண்டனை 1930-ல் ஒழிந்தது. பேசினவர் பலர், விடாமல் நின்றவர் ஒருவர்.

1939 ஜூலையில், இரண்டாம் யுத்தம் வாசலில் நிற்கையில், பென்ஷன் இலாகா வைத்தியர்களைக் கூட்டி ஆலோசித்தது. முன்னைய யுத்தத்தில் பென்ஷன் கொடுத்ததே நோயை வளர்த்தது என்ற அபிப்பிராயம் அங்கே மேலோங்கியது. யுத்தம் நடக்கும் வரை இந்நோய்க்கு உபகாரச் சம்பளம் கூடாதென்று முடிவாயிற்று. இருபது வருஷ அனுபவத்தினின்று பொக்கிஷ இலாகா கற்ற பாடம் இது.

பின்னாளில் வாக்குறுதி சட்டமாயிற்று. 2011-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, படையினருக்கு நாடு பட்ட கடமை எவ்வளவு நிறைவேறிற்று என்று மந்திரி ஆண்டுதோறும் பார்லிமெண்டுக்கு அறிக்கை தரவேண்டும். 2021-ஆம் வருஷச் சட்டம் வைத்தியம், வீடு, கல்வி ஆகியவற்றை நடத்தும் ஸ்தாபனங்கள் அக்கடமையைத் தக்கவாறு ‘கருத்திற்கொள்ள’ வேண்டுமென்கிறது. கருத்திற்கொண்டபின் இன்னது செய்தே தீரவேண்டும் என்று அது விதிக்கவில்லை.

ஹாரி பாரின் குடும்பத்தார் நியாயஸ்தலம் வரை சென்று வழக்காடினர். 1993-ல் அப்போதைய பிரதம மந்திரி மன்னிப்பளிக்க மறுத்திருந்தார். 2006-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. பாரின் மகளுக்கு அப்பொழுது வயது 93. முன்னர் விதித்த தீர்ப்பும் தண்டனையும் இம்மன்னிப்பினால் மாறமாட்டா என்று அச்சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதப்பட்டுள்ளது.