வீடு எங்கே? நகரிலா, புறநகரிலா?



நம் குடும்பங்களில் பிள்ளைகள் வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் ஒரு பேச்சு எழும். சொந்தமாக வீடு வாங்க வேண்டும். ஆனால், அதை எங்கே வாங்குவது? வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அருகில் பட்டணத்திலேயே ஒரு சிறிய அடுக்குமாடி வீடா? அல்லது, சற்றுத் தள்ளிப் புதிய தாமானில் முன்வாசல் உள்ள தரை வீடா? இதற்கு விடை தேட நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நமக்கு வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்தது. பால்மரம் வெட்டப் பெயர் பதிந்தால் லயத்தில் இடம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகையும், அவசரத்துக்கு அண்டை வீட்டாரும் இருந்தனர். லயங்களின் தரத்தை உயர்த்த 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. இவை வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கூறினவே தவிர, அதை நமக்குச் சொந்தமாக்கவில்லை. ஆகவே, வேலை முடிந்த அன்று கூரையும் கைவிட்டுப் போயிற்று.

பட்டணத்தில் மட்டும் வேறு கதையா? பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நம்மவர் பலர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்தனர். வேலைக்கு நடந்தே போகலாம். பள்ளியும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஆயினும் அதுவும் வேலையோடு வந்த வீடுதான். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனிப் புறநகரைப் பார்ப்போம். 1948இல் அவசரகாலம் தொடங்கியபின் கோலாலம்பூரில் மக்கள் வந்து குவிந்தனர். புறம்போக்கு நிலங்களில் குடிசைகள் பெருகின. அந்த நெருக்கடியைக் குறைக்க, 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு புதுநகர் எழுந்தது. அதுவே பெட்டாலிங் ஜெயா. அன்று கோலாலம்பூரின் ஓரத்திலிருந்த அந்த ஊர் 2006இல் மாநகராயிற்று.

அவ்வாறே 1976இல் சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயா உருவாகத் தொடங்கியது. 2020இல் அதுவும் மாநகராயிற்று. நாம் பால்மரம் வெட்டிய மண்ணில்தான் இந்நகரங்கள் நிற்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடங்கள் இரண்டு.

முதலாவது: இன்றைய புறநகர் நாளை நகரமாகலாம், ஆனால் அந்த நாளை வரக் காலம் பிடிக்கும். சுபாங் ஜெயா தொடங்கி 19 ஆண்டுகள் கழித்து, 1995இல்தான், கிள்ளான் பாதையில் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. எல்.ஆர்.டி. ரயில் அங்கு வந்து சேர்ந்தது 2016இல். அதாவது 40 ஆண்டுகளுக்குப் பின். வீடு வாங்கிய ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, அதற்குள் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும்! ஆகவே, "ரயில் வரப்போகிறது" என்ற பேச்சை நம்பி வாங்காமல், இன்று ஓடும் பஸ்ஸை வைத்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது: நகரம் வளர்ந்தபோது பட்டா வைத்திருந்தவர் வாழ்ந்தார். பட்டா இல்லாமல் லயத்திலும் புறம்போக்கிலும் இருந்தவர் மூட்டை கட்டினார். மண் ஒன்றே; முடிவு வேறு. நகரமா, புறநகரா என்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "வீடு யார் பெயரில்?" என்பதே.

சொந்த வீடு என்று உறுதியான பின்னர், மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாமான் வீட்டின் தவணை குறைவாகத் தோன்றும். அதோடு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் போக்குவரத்துச் செலவையும் கூட்டுவோம். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பினால், அந்த நேரம் பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரம். பட்டண வீட்டில் பயணம் குறையும். தவணையும் பராமரிப்புக் கட்டணமும் கூடும். வயதான அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியுமா, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவற்றையும் எண்ண வேண்டும். லயத்தில் அண்டை வீட்டார் செய்த உதவி புது இடத்தில் உடனே கிடைத்துவிடாது.

நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா என்றும் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி குத்தகை உரிமை 99 ஆண்டுகளுக்கு மேற்படாது. பழைய வீடானால், மீதி எத்தனை ஆண்டு என்று நில அலுவலகத்தில் கேட்டறிவது நலம். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க வழியுண்டு. ஆனால் அது முதுமைக்கான சோறு. அளந்தே எடுக்க வேண்டும்.

நேயர்களே! நகரில் சிறு வீடாயினும், புறநகரில் பெரு வீடாயினும், வேலை போன பின்னும் நம்மைப் போகச் சொல்லாத வீடே நம் வீடு. பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். மூன்று தலைமுறை பிறர் கூரையின்கீழ் வாழ்ந்த நாம், நான்காம் தலைமுறைக்குச் சொந்தக் கூரையை விட்டுச் செல்வோமாக.